'ஈ' ஸ்ட்ரிங்குக்கு எத்தனை கிலோ இரும்பு?

ஒரு ரெண்டு மார்க் கேள்வி. டிரான்ஸ்ஃபார்மரோட ஈ.எம்.எஃப். ஈக்வேஷன் என்ன?

ட்ரிபிள்-ஈ மக்களைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவீங்க... 'ஈ = 4.44 எஃப் என் ஃபை-எம்'. சிவில், மெக்கானிக்கல் நண்பர்களும் பேசிக் எலெக்ட்ரிகல் பேப்பர்ல இதைத் தாண்டித்தான் வந்திருப்பீங்க. எழுதினோம், மார்க் வாங்கினோம், மறந்தோம். அந்த ஃபார்முலா நடுவுல 'எஃப்'னு ஒண்ணு உட்கார்ந்திருக்கு பாருங்க, அதுக்கு 50-ஐத் தவிர வேற எதையாவது போட்டுப் பார்த்திருக்கோமா? நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால கணக்குலயும் 50. அவ்வளவுதான்.

அந்த இடத்துல 41-னு போடுங்க. அது பேஸ் கிடாரோட தடிமனான 'ஈ' ஸ்ட்ரிங். சும்மா மீட்டினா ஒரு செகண்டுக்கு சுமார் 41 தடவை அதிரும். அந்த 41-தான் கடந்த சில மாசமா என்னையும் என் நண்பர்கள் மூணு பேரையும் தூங்கவிடாம அலைக்கழிச்சுது.

விஷயம் இதுதான். என் வகுப்புத் தோழனோட தாத்தா பெரம்பூர்க்காரர். ரயில்வேயில ரிட்டயர் ஆனவர். ஆங்கிலோ இந்தியர். எங்களுக்கெல்லாம் அவர் 'அங்கிள்'. இளவயசுல ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸ்கள்ல பேஸ் வாசிச்சவர். வெளிநாடு போன சொந்தக்காரர் ஒருத்தர் விட்டுட்டுப் போன ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப்ளிஃபையர் அவர்கிட்ட இருந்துச்சு. வால்வு செட். 50 வாட். பக்கத்துல 110 வோல்ட் ஸ்டெப் டவுன் பெட்டி ஒண்ணு. அங்கிள் ஜனவரியில ஆஸ்திரேலியாவுக்கு, மகள் வீட்டுக்கே குடி போறார். "வேலை செஞ்சா உங்க காலேஜ் பேண்டுக்கு எடுத்துக்கோங்க மேன். இல்லேன்னா காயலான் கடைக்காரன் வர்றான்" - இதுதான் அவர் போட்ட டீல். ஆம்ப்போ ஊமை. வால்வுகள் அழகா எரியுது, சத்தம் மட்டும் வரலை.

காரணம், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அவுட்.

அது என்ன வேலை பாக்குது?

வால்வுங்கிறது பெரிய வோல்டேஜ்ல சின்ன கரன்ட்டை வெச்சுப் பொழைக்கிற பார்ட்டி. இந்த ஆம்ப்ல 400 வோல்ட்டுக்கு மேல ஓடுது, ஆனா கரன்ட் மில்லி ஆம்பியர் கணக்குலதான். ஸ்பீக்கர் அதுக்கு நேர் எதிர். சின்ன வோல்டேஜ் போதும், கரன்ட் ஆம்பியர்ல வேணும். இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு பேச்சுவார்த்தை நடத்துற தரகர்தான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்.

இங்கே ஒரு தப்பான எண்ணம் பலருக்கு உண்டு. '4,200 ஓம் டிரான்ஸ்ஃபார்மர்'னு சொன்னா, அதுக்குள்ள 4,200 ஓம் ஒளிஞ்சிருக்கிற மாதிரி நினைக்கிறோம். கிடையாது. அதுகிட்ட இருக்கிறது சுத்து விகிதம் மட்டும்தான். அந்த விகிதத்தோட வர்க்கத்தால ஸ்பீக்கர் ஓமைப் பெருக்கி வால்வுக்குக் காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினா 4,200. அதே இடத்துல 8 ஓம் மாட்டினா 8,400. வால்வுக்குத் தெரியுறது இந்தப் பெருக்கின கணக்குதான்.

அப்ப செத்துப்போன டிரான்ஸ்ஃபார்மரோட விகிதத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பிரைமரி வைண்டிங்குல நடு டேப்புக்கு ஒரு பக்கம் கம்பி அறுந்திருந்துச்சு, இன்னொரு பக்கம் உயிரோட இருந்துச்சு. டிரான்ஸ்ஃபார்மரைத் தனியா கழட்டி, உயிரோட இருக்கிற பாதியில 12 வோல்ட் ஏ.சி. கொடுத்தோம். ஸ்பீக்கர் பக்கம் மீட்டர் 0.74 வோல்ட் காட்டுச்சு. 12-ஐ 0.74-ஆல வகுத்தா 16.2. பாதிக்கு 16.2-ன்னா முழுசுக்கு 32.4. வர்க்கம் 1,050. அதை 4-ஆல பெருக்குங்க... 4,200 ஓம்! நம்ம லேப்ல இருக்கிற சாதாரண மீட்டர், ஒரு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான் செலவு.

(ஒரு நிமிஷம் சீரியஸா ஒரு விஷயம். வால்வு ஆம்ப்பைத் திறக்கிற ஆசை வந்தா, பிளக்கைப் பிடுங்கினதோட நிறுத்தாதீங்க. உள்ளே இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கரன்ட் இல்லாதப்பவும் 400 வோல்ட்டைப் பிடிச்சு வெச்சிருக்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியா வடிச்சு, மீட்டர்ல ஜீரோ பார்த்த பிறகுதான் கையை வைக்கணும். லேப் சாரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுச் செய்யுங்க. வீரம் வேண்டாம்.)

யார் கொன்னது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம புது டிரான்ஸ்ஃபார்மர் வாங்குறது, ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கதைதான். புதுசும் அதே வழியில போய்ச் சேரும்.

வால்வு ஆம்ப்புக்கு ஸ்பீக்கர் இல்லாம சிக்னல் கொடுக்கக் கூடாது. சக்தி போக வழி இல்லேன்னா பிரைமரியில வோல்டேஜ் எகிறும். சில சமயம் ஆயிரக்கணக்குல. எனாமல் கம்பியோட காப்பு அப்ப துளை விழுந்து போகும். ஃபெண்டர்காரங்க இதுக்கு ஒரு பாதுகாப்பு வெச்சிருக்காங்க. ஸ்பீக்கர் பின்னைப் பிடுங்கிட்டா, ஜாக்கே அவுட்புட்டை ஷார்ட் பண்ணிடும். அப்புறம் எப்படி செத்துச்சு?

அங்கிள் வெச்சிருந்த ஸ்பீக்கர் ஒயரை மீட்டர்ல வெச்சோம். அறுந்திருந்துச்சு. பின்னுக்குள்ள, சால்டர் வெச்ச இடத்துல, வெளியே தெரியாம. பின் ஜாக்குல மாட்டியிருக்கிறதால 'ஸ்பீக்கர் இருக்கு'ன்னு ஜாக் நம்பிடுச்சு, ஷார்ட் பண்ணலை. ஆனா ஒயர் வழியா எதுவும் போகலை. சத்தம் வரலையேன்னு யாரோ வால்யூமை ஏத்தியிருக்காங்க. கதை முடிஞ்சுது. சில நூறு ரூபாய் ஒயர், பல ஆயிரம் ரூபாய் டிரான்ஸ்ஃபார்மரைக் கொன்ன கேஸ் இது!

பேஸ்னா சும்மாவா?

இப்ப மாத்து டிரான்ஸ்ஃபார்மர் தேடணும். '4,200 ஓம், 4 ஓம், 40 வாட்'னு போட்டுத் தேடினா கிடார் ஆம்ப்புக்கான டிரான்ஸ்ஃபார்மர்கள் நிறைய வருது. விலையும் கம்மி, எடையும் கம்மி. அதையே வாங்கிடலாம்னு எங்க டிரம்மர் குதிச்சான்.

இங்கேதான் 4.44 வேலைக்கு வந்துச்சு. ஃபார்முலாவைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. சுத்து எண்ணிக்கையும் வோல்டேஜும் மாறாம எஃப் பாதியானா, ஃப்ளக்ஸ் ரெண்டு மடங்காகணும். இரும்பு தாங்குற ஃப்ளக்ஸுக்கு ஒரு எல்லை இருக்கு. அதைத் தாண்டினா சாச்சுரேஷன், சத்தம் நசுங்கிடும். கிடாரோட தடிமனான 'ஈ' 82 ஹெர்ட்ஸ். பேஸோட 'ஈ' 41. சரியா பாதி.

சரி, 82 ஹெர்ட்ஸ்ல 40 வாட்டை முக்கி முனகித் தர்ற ஒரு டிரான்ஸ்ஃபார்மர் 41-ல எவ்வளவு தரும்? தாங்குற வோல்டேஜ் பாதி. பவர் வோல்டேஜோட வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, கால்வாசி. வெறும் 10 வாட்! அஞ்சு ஸ்ட்ரிங் பேஸ்னா 'பி' ஸ்ட்ரிங் 31 ஹெர்ட்ஸ், நிலைமை இன்னும் மோசம்.

அதனால 'எத்தனை வாட்?'னு மட்டும் கேட்டா பதில் பாதிதான் கிடைக்கும். 'எத்தனை ஹெர்ட்ஸ்ல அத்தனை வாட்?'னு கேளுங்க. கேட்டலாக்குல அது இல்லேன்னா எடையைப் பாருங்க. குறைஞ்ச ஃப்ரீக்வென்சிக்கு நிறைய இரும்போ நிறைய சுத்தோ வேணும், குறுக்கு வழி கிடையாது. 1969-ல ஆம்பெக் கம்பெனி விட்ட எஸ்.வி.டி. பேஸ் ஆம்ப் 300 வாட். அதோட தலைப்பெட்டி மட்டும் கிட்டத்தட்ட 40 கிலோ இருக்கும். அந்தக் கனத்துல பெரும்பங்கு டிரான்ஸ்ஃபார்மர்களோடது.

இரும்பு போக இன்டக்டன்ஸ்னு ஒரு ஆள் இருக்கார். 4,200 ஓம் சுமைக்கு 41 ஹெர்ட்ஸ் அடிவாங்காம போகணும்னா பிரைமரி இன்டக்டன்ஸ் குறைஞ்சது 16 ஹென்றி வேணும். ஓமை 2 பை எஃப்-ஆல வகுத்துப் பாருங்க, வந்துடும். கிடாருக்கு அதுல பாதி போதும்.

மூணு வழி, ஒரு முடிவு

எங்க முன்னாடி மூணு வழி இருந்துச்சு.

ஒண்ணு, அதே மாடலுக்குன்னே புதுசா செய்யுற டிரான்ஸ்ஃபார்மரை வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறது. துளைக்குத் துளை பொருந்தும். ஆனா இரும்புக்கு கூரியர் சார்ஜ், அதுக்கு மேல சுங்கவரி... நாங்க நாலு பேரும் சேர்த்து வெச்சிருந்த பணத்தைப்போல ரெண்டு மடங்கைத் தாண்டிடுச்சு.

ரெண்டு, ஹை-ஃபை ஆம்ப்புக்கான பெரிய டிரான்ஸ்ஃபார்மர். கனடாவுல ஹாமண்ட் கம்பெனி செய்யுற 1650 வரிசையில 60 வாட், 4,300 ஓம்ல ஒண்ணு இருக்கு. அடி ஃப்ரீக்வென்சிக்கு ராஜா. ஆனா உருவமும் கனமும் ஜாஸ்தி, சேஸிஸ்ல புதுசா ஓட்டை போடணும், செலவும் குறையாது.

மூணு, பழைய டிரான்ஸ்ஃபார்மரையே பிரிச்சு மறுபடி காயில் கட்டுறது.

அங்கிள்கிட்ட போய்ச் சொன்னோம். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வேற ஒண்ணு போட்டா, அப்பவும் அது என் ஆம்ப்பாவே இருக்குமா மேன்?"

இந்தக் கேள்விக்கு சரித்திரத்துல ஒரு பதில் இருக்கு. 1962-ல லண்டன் ஹான்வெல்ல டிரம் கடை வெச்சிருந்த ஜிம் மார்ஷலும் அவரோட ஆட்களும், ஃபெண்டர் பேஸ்மேனோட சர்க்யூட்டை அப்படியே எடுத்து ஒரு ஆம்ப் செஞ்சாங்க. அமெரிக்க உதிரிப் பாகங்களுக்குப் பதிலா அவங்க ஊர்ல கிடைச்சதைப் போட்டாங்க. டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், ஒரு வால்வுன்னு மாறுச்சு. சர்க்யூட் ஏறக்குறைய அதேதான். ஆனா பிறந்தது வேற குரல். ஜே.டி.எம்.45-ங்கிற அந்த ஆம்ப்தான் மார்ஷல் சாம்ராஜ்யத்தோட முதல் செங்கல். பேஸ் வாசிக்கிறவங்களுக்குன்னு செஞ்ச பெட்டி, அப்படித்தான் ராக் கிடாரோட குரலா ஆச்சு.

ஆக, மாத்தினா நல்லாவும் வரலாம். ஆனா வேற ஒண்ணாத்தான் வரும். அங்கிளுக்கு வேற ஒண்ணு வேண்டாம். எங்களுக்கும் பணம் இல்லை. முடிவு தானா வந்துடுச்சு... காயில் கட்டுறது!

சொல்றது ஈஸி. முதல்ல போன ரெண்டு மோட்டார் ரீவைண்டிங் கடைகள்ல "500 ரூபாய் தம்பி, சாயங்காலம் வாங்க"ன்னாங்க. அந்த அவசரத்தைப் பார்த்தே திரும்பி வந்துட்டோம். ஏன்னா இது மிக்ஸி மோட்டார் இல்லை, 50 ஹெர்ட்ஸ் பவர் டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை. 41-ல இருந்து பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரே ஆள் சுமக்கணும். அதுக்காக பிரைமரியையும் செகண்டரியையும் சாண்ட்விச் மாதிரி அடுக்கிக் கட்டுவாங்க. அந்த அடுக்கை மாத்திக் கட்டினா, லீக்கேஜ் இன்டக்டன்ஸ் ஏறி மேல்ஸ்தாயி மழுங்கிடும்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல விசாரிச்சு விசாரிச்சு, கடைசியில ஒரு பெரியவரைப் பிடிச்சோம். அந்தக் காலத்துல கல்யாண மைக் செட் வால்வு ஆம்ப்ளிஃபையர்களுக்கு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கட்டினவர். எழுபதைத் தாண்டிட்டார். கையால சுத்துற மெஷின், அதுல எண்ணிக்கை காட்டுற ஒரு சின்ன கவுன்ட்டர். டிரான்ஸ்ஃபார்மரைக் கையில தூக்கிப் பார்த்தார். மேல அடிச்சிருந்த '606-6-34'ங்கிற எண்ணைத் தடவினார். (606-ன்னா செஞ்ச கம்பெனி ஷூமேக்கர், 6-ன்னா 1966, 34-ன்னா அந்த வருஷத்தோட 34-வது வாரம்.) "இரும்பு நல்ல இரும்பு தம்பி. இதை விட்டுடாதீங்க. நான் கட்டுறதுல பாதி வேலை பிரிக்கிறதுதான். பிரிக்கிறப்ப ஒருத்தன் பக்கத்துல உட்கார்ந்து எழுதணும்"னார்.

நான் உட்கார்ந்தேன். ஸ்டாம்பிங் தகடுகளை ஒண்ணொண்ணா, வளையாம உருவி எடுத்தார். ஒண்ணு விட்டு ஒண்ணு திசை மாத்தி அடுக்கியிருந்துச்சு. "ரெண்டு வால்வும் எதிரெதிரா இழுக்குற செட்டு. டி.சி. அடிபட்டுப் போயிடும். அதான் நடுவுல கேப் விடலை. ஒத்தை வால்வு ரேடியோவுல கேப் இருக்கும், பாத்திருக்கியா?"ன்னு கேட்டார். புஷ்-புல், சிங்கிள்-எண்டட்னு நாங்க ஒரு யூனிட் பூராவும் படிச்சதை ரெண்டு வரியில முடிச்சுட்டார்.

அப்புறம் கம்பி. மேல் அடுக்கு, பேப்பர், நடுவுல செகண்டரி, மறுபடி பேப்பர், உள் அடுக்குன்னு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எத்தனை சுத்து, எத்தனை லேயர், எந்தத் திசை, எந்தக் கேஜ் கம்பி, எந்த இடத்துல லேத்தராய்டு பேப்பர்... ஒரு லாங் சைஸ் நோட்டுல ஆறு பக்கம். கம்பி அறுந்த இடத்துல பேப்பர் கருகி, விரல் நக அளவுக்குக் கரி படிஞ்சிருந்துச்சு. அந்த அறுந்த ஒயரோட வாக்குமூலம் அது!

ஒரு விஷயம் சொன்னார், நோட் பண்ணிக்கோங்க. பிரைமரியோட ரெண்டு பாதியிலும் சுத்து எண்ணிக்கை ஒண்ணா இருந்தாலும், மீட்டர்ல ஓம் வேற வேறயா காட்டலாம். வெளிப்பக்கம் சுத்துற பாதிக்கு ஒவ்வொரு சுத்தும் பெருசு, கம்பி நீளம் அதிகம், ஓம் அதிகம். அதைப் பார்த்து டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டவங்க நிறைய பேராம்.

அஞ்சாம் நாள், வார்னிஷ் வாசனையோட டிரான்ஸ்ஃபார்மர் கைக்கு வந்துச்சு. கூலியை வாங்கி எண்ணாமலே டிராயர்ல போட்டார். "ஓட விட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க"ன்னார்.

ஊளையிட்ட பெட்டி

நேரா பிளக்குல சொருகலை. புது வால்வு ஜோடி, புது ஸ்பீக்கர் ஒயர், முன்னாடி சீரிஸ் லேம்ப். ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுன்னு எரியும், ஆம்ப் தப்பிக்கும். எங்க பல்பு மங்கலா எரிஞ்சுது. மூச்சு வந்துச்சு. சீரிஸ் லேம்ப்பை எடுத்துட்டு பயாஸை செட் பண்ணினோம். ஒரு வால்வுக்கு 36 மில்லி ஆம்பியர், 430 வோல்ட். பெருக்கினா சுமார் 15 வாட். அந்த 6எல்6ஜிசி வால்வு தாங்குறது 30. சேஃப்.

ஸ்டாண்ட்பை ஸ்விட்சைப் போட்டதும் 'ஊ...'ன்னு ஒரு ஊளை! ஹாஸ்டல் வார்டன் வரைக்கும் கேட்டிருக்கும். உடனே ஆஃப். பயப்படவே இல்லை, இது எதிர்பார்த்ததுதான். அவுட்புட்ல இருந்து கொஞ்சம் சிக்னலைத் திருப்பி அனுப்புற நெகட்டிவ் ஃபீட்பேக் இந்த ஆம்ப்ல உண்டு. மாத்தின டிரான்ஸ்ஃபார்மர்ல பிரைமரி முனைகள் இடம் வலம் மாறியிருந்தா, நெகட்டிவ் பாசிட்டிவ் ஆயிடும், பெட்டி ஊளையிடும். எந்த மாத்து டிரான்ஸ்ஃபார்மருக்கும் இந்தப் பூவா தலையா உண்டு. நீல ஒயரையும் பிரவுன் ஒயரையும் இடம் மாத்தினோம். நிசப்தம். 4, 8, 16-னு மூணு டேப் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் போட்டா இன்னொண்ணும் கவனிங்க. ஃபீட்பேக் ஒயர் பழைய இடத்துல எத்தனை ஓம் டேப்ல இருந்துச்சோ, அதே டேப்லதான் இருக்கணும். மாறினா குணமும் மாறும்.

லேப்ல 4 ஓம் டம்மி லோடு போட்டு சி.ஆர்.ஓ.-வுல பார்த்தோம். சைன் வேவ் நசுங்காம, 82 ஹெர்ட்ஸ்ல 13.4 வோல்ட், அதாவது 45 வாட். 41 ஹெர்ட்ஸ்ல 11 வோல்ட், 30 வாட். 10 இல்லை மக்களே... 30!

அங்கிள் வந்தார். அவருக்கு விரல்கள் முன்ன மாதிரி வளையுறது இல்லை. எங்க பையனோட பேஸை வாங்கி, உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை அந்த 'ஈ' ஸ்ட்ரிங்கைக் கட்டைவிரலால தட்டினார். ஜன்னல் கண்ணாடி லேசா அதிர்ந்துச்சு. அது அடங்குற வரைக்கும் யாரும் பேசலை. "சேம் ஃபெலோ மேன்"னார். அப்புறம் பேஸைத் திருப்பிக் கொடுத்துட்டு, காபி கேட்டார்.

நோட்டுல எழுதின அந்த ஆறு பக்கத்தை ஜெராக்ஸ் போட்டு ஒண்ணு டிபார்ட்மென்ட் லைப்ரரியில வெச்சிருக்கோம், ஒண்ணு காயில் கட்டின ஐயாகிட்ட கொடுத்திருக்கோம். "இதெல்லாம் எனக்கு எதுக்கு தம்பி, கைக்குத் தெரியும்"னு சிரிச்சார். ஆனா வாங்கி மடிச்சு, கவுன்ட்டர் மெஷினுக்குக் கீழே வெச்சுக்கிட்டார். அவர் கடையில கத்துக்க வேற யாரும் இல்லை. வாரம் ஒரு நாள் நான் போறேன். இப்போதைக்கு தகடு அடுக்குற அளவுக்குத்தான் பிரமோஷன்.

உங்க ஊர்லயும் ஒரு காயில் கட்டுற பெரியவர் இருப்பார். உங்க ஃபார்முலாவை எடுத்துக்கிட்டு ஒரு நாள் போய்ப் பாருங்க. எஃப்-க்கு 50-ஐத் தவிர என்னென்ன போடலாம்னு அவர் சொல்லுவார்.

எங்க ஆம்ப் பின்னாடி இப்ப கொட்டை எழுத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோம். 'முதல்ல ஸ்பீக்கர் ஒயர், அப்புறம்தான் பவர்!'